முதலில் வாசனை என்று சொன்னவள்

பிரிசில்லாவின் மூக்கைப் பற்றிப் பூஞ்சேரியில் யாரும் அதற்கு முன்னால் பேசியது கிடையாது. பேசும்படி அதில் ஒன்றும் இல்லை. மிளகாய் வறுத்தால் தும்மும், மழைக்கு முன்னால் அடைத்துக்கொள்ளும், மற்றபடி அது பாட்டுக்கு முகத்தில் இருந்தது. மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த மூக்கு அவளை ஒரு வார்த்தை சொல்ல வைத்தது. அன்றிலிருந்து, மாமல்லபுரத்தில் புறப்பட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுப் பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை.

அந்தக் கம்பெனியில் காருக்கு இரண்டு பக்கமும் மாட்டுகிற கண்ணாடிக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிறார்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மூடியையும் தின்னரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். ஒரு விரல் ரேகை பட்டிருந்தால்கூட அந்த இடத்தில் பெயின்ட் நிற்காது. அந்தத் துடைக்கிற மேஜையில் பிரிசில்லாவுக்கு ஒன்பது வருஷம். ஷிப்டுக்கு அறுநூறு மூடி. அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே முதுகு வளைந்தவர்கள். அவள் பிளஸ் டூ முடித்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, பஸ் வந்து கூட்டிப்போகிற வேலைக்குப் போனாள். அந்த அட்டையால் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்று தெருவில் சொல்வார்கள். இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மூன்று நாள் முன்பே மேஜைக்கு மேலே சுவரில் இருந்த பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோயிருந்தது. மேஜையிலேயே மூத்தவள் செங்கம்மாள். அவள் சூப்பர்வைசர் பாலாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். "மோட்டார் வந்துகினே கீதுக்கா," என்று அவனும் இரண்டு தடவை சொல்லிவிட்டான். மோட்டார் எங்கிருந்து வந்துகொண்டிருந்ததோ, கடல் தாண்டி நடந்து வந்ததோ, தெரியாது. வெளியே அக்னி நட்சத்திர வெயில். ஷெட்டுக்குள் தின்னர் நெடி கண்ணைக் கரித்தது. எப்போதும் இருக்கிற நெடிதான் என்று எல்லாரும் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தரை மணிக்குப் பிரிசில்லாவின் தொண்டையை யாரோ பிடித்த மாதிரி இருந்தது. எழுந்து நின்றாள். "ஏதோ வாசன வருது! மூச்சு முட்டுது! எல்லாம் வெளிய போங்க!" என்று கத்தினாள். கத்திய கையோடு இரண்டு கை விரல்களும் உள்ளே மடங்கி இழுத்துக்கொண்டன. அப்படியே சரிந்தாள். அவளைத் தூக்க வந்தவள் சரிந்தாள். கால் மணி நேரத்துக்குள் இருபத்திரண்டு பெண்கள் தரையில். பேக்கிங் ஷெட்டில் தின்னர் வாடையே கிடையாது, இந்தக் கணக்கில் நான்கு பேர் அங்கே விழுந்தவர்கள். செங்கம்மாள் விழும்போது மேஜையின் இரும்பு விளிம்பில் வலது கை மாட்டி, மணிக்கட்டு முறிந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது, டிவிக்காரர்கள் வந்தார்கள். சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மத்தியானமே மோட்டார் வந்துவிட்டது. மறுநாள் காலை கதவையெல்லாம் திறந்துவிட்டு, ஃபேனையும் ஓடவிட்டு, காற்றை அளக்கிற கருவியை வைத்தார்கள். அது பாவம், உள்ளதைச் சொன்னது. காற்று சுத்தம். கம்பெனியும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டது: கசிவு எதுவும் இல்லை, பயத்தினால் ஏற்பட்ட மயக்கம், வதந்திகளை நம்ப வேண்டாம்.

மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வேலைக்குத் திரும்பினார்கள். பிரிசில்லாவால் முடியவில்லை. ஐந்து வாரம் ஆகியும் அந்த வாசனை அவளை விட்டுப் போகவில்லை. மகள் ஜாய்ஸ் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தால் வந்தது. சர்ச் கேட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள், மூன்று ஞாயிறு அவள் ஆராதனைக்குப் போகவில்லை. தலையணை உறையைத் துவைத்தாள், காய்ந்ததை முகர்ந்து பார்த்து மறுபடி துவைத்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்தாள். விரல்களை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"இன்னாடி இது, எல்லாத்தையும் மோந்துகினு திரியற?" என்றான் புருஷன் ஸ்டான்லி. கடற்கரை ரிசார்ட் ஒன்றில் தோட்டக்காரன் அவன். பொழுதெல்லாம் எருவிலும் மண்ணிலும் கிடக்கிறவனுக்கு எந்த வாசனையும் ஒரு பொருட்டில்லை.

"உனுக்கு வர்லியா?"

"எனுக்கு மீன் கொழம்பு வாசனதான் வருது. அதுவும் பக்கத்து வூட்ல. நம்ம வூட்ல சோறாக்கி எத்தினி நாளு ஆவுது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை அரித்துக்கொண்டிருந்தது ஒரே கேள்வி. அன்றைக்கு அந்த வாசனை நிஜமாகவே இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால் அவள் இருபத்திரண்டு பேரைக் காப்பாற்றியவள். இல்லை என்றால் அந்த இருபத்திரண்டு பேரையும் கீழே தள்ளியவள் அவள்தான், செங்கம்மாளின் கையை ஒடித்தவளும் அவள்தான். நடுவில் நிற்க இடமே இல்லாத மாதிரி இருந்தது. பஸ்ஸிலும் இரண்டு கட்சியாகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். முன் சீட்டுக்காரர்கள் விஷவாயு என்றார்கள். பின் சீட்டுக்காரர்கள், அவ கத்தலன்னா ஒருத்தியும் வுழுந்திருக்க மாட்டா என்றார்கள்.

வெள்ளிக்கிழமை விசாரணை என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. அரசாங்கத்திலிருந்து அதிகாரி வருகிறாராம். முதலில் சொன்னவள் என்பதால் அவள் கட்டாயம் வர வேண்டுமாம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செங்கம்மாள் பஸ் பிடித்து வந்தாள். வலது கை மாவுக்கட்டோடு கழுத்துத் தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையில் ஒரு மனு. விஷவாயு கசிந்தது, எங்கள் உயிருக்கு ஆபத்து ஏற்பட்டது என்று யாரையோ பிடித்து அழகாக எழுதி வாங்கியிருந்தாள்.

"மொதல்ல நீ கையெழுத்து போடும்மே. மத்ததுங்க தன்னால போடும். நீ சொன்னதாலதான் எல்லாரும் உசுரோட கீறோம்."

"வெள்ளிக்கெழம அங்கியே போடறேங்க்கா."

"இன்னா யோசன? உன் வெரலு இழுத்துகினத நான் பாக்கலியா?"

தன்னை நம்புகிற ஒரே ஆள் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறாள். அது பிரிசில்லாவுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மனுவை மடித்து அவள் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் டிரம் விவகாரம். குடிநீர் குழாய் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வரும் என்றாகிவிட்டதால், ஸ்டான்லி ஈசிஆர் ரோட்டில் ஷபானாவின் பழைய சாமான் கடையில் ஒரு நீல டிரம் வாங்கிப் போட்டிருந்தான். அந்தப் பக்கம் நீல டிரம் இல்லாத வீடு உண்டா? கம்பெனியில் தின்னர் வருவதும் அதே நீல டிரம்மில்தான். திங்கட்கிழமை காலை பிரிசில்லா அதிலிருந்து ஒரு சொம்பு மொண்டு முகத்தில் அடித்தாள். அடித்ததுதான் தாமதம், அதே நெடி. தொண்டை அடைத்தது. சொம்பு கீழே விழுந்து உருண்டது. விரல் பத்தும் உள்ளே இழுத்துக்கொண்டன. தெருவுக்கு ஓடிவந்து, "டிரம்ல தின்னரு! யாரும் தண்ணி குடிக்காதீங்க!" என்று அலறினாள்.

அலறினால் சும்மா இருப்பார்களா? ஷபானா கடையில் டிரம் வாங்கியவர்கள் அந்தத் தெருவில் மட்டும் ஒன்பது வீடு. பத்து மணிக்குள் ஒன்பது டிரம்மும் கவிழ்ந்தன. இரண்டு நாளைக்குப் பிடித்து வைத்த தண்ணீர் அத்தனையும் சாக்கடையில் போனது. எதிர் வீட்டுக்காரிக்கு உடனே தொண்டை அரித்தது. அவள் அரிக்கிறது என்று சொன்னதும் அடுத்த வீட்டுக்காரிக்குக் கை அரித்தது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த ஸ்டான்லிக்குக் கால் அலம்ப ஒரு சொம்பு தண்ணீர் இல்லை. டிரம்மை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு நேராக ஷபானா கடைக்கே போனான்.

"இந்த டிரம்முல முன்னாடி இன்னா இருந்துச்சி? என் பொண்டாட்டிய சாவடிக்கப் பாக்கறியா?"

ஷபானா பழைய இரும்போடு புழங்குகிறவள், குரலுக்குப் பயப்படுகிறவள் இல்லை. டிரம்மைத் தலைகீழாகப் புரட்டினாள். அடியில் ஒட்டியிருந்த அழுக்கை ஆணியால் சுரண்டினாள். பாதி கிழிந்த சீட்டு ஒன்று தெரிந்தது. "படி அண்ணாத்த. பிஸ்கட் கம்பெனி. குளுக்கோஸ் பாகு. அம்பது டிரம்மு எறக்குனேன், எறும்பு மொய்ச்சி ரெண்டு நாளு கழுவிகினே இருந்தேன். இதுல தின்னரா? நக்கிப் பாரு, இன்னும் இனிக்கும்."

ஸ்டான்லி வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று சிரித்தான். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்தான். தண்ணீரைக் கொட்டியவர்கள் சிரிக்கவில்லை, அவள் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். எதிர் வீட்டுக்காரியின் அரிப்பு அந்த நிமிஷமே போய்விட்டது. பிரிசில்லா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். சர்க்கரைப் பாகு டிரம்முக்கு விரல் மடங்குகிறதென்றால் அன்றைக்கு மடங்கியது எதற்கு? ஸ்டான்லி சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினான். "வுடு ப்ரிசி, யாருக்கும் சொல்ல மாட்டேன்," என்றான். தெருவுக்கே சொல்லிவிட்டுச் சொல்கிறான்.

புதன்கிழமை செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் போனாள். நுரையீரலைப் பார்க்கிற டாக்டர், பெயர் ஸ்வாதி, சின்ன வயசு. எக்ஸ்ரேயில் கறை, ஓட்டை, ஏதாவது ஒன்று இருந்துவிட்டால் தேவலை என்று வேண்டிக்கொண்டுதான் போனாள். நோய் வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பாவத்துக்கு வெட்கமாகவும் இருந்தது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஊதச் சொன்ன குழாயில் நன்றாகவே ஊதினாள். அப்புறம் டிரம் கதையைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"இப்ப நான் சொல்ற மாதிரி வேகமா மூச்சு வாங்குங்க. ரெண்டு நிமிஷம். நான் பக்கத்துலயே இருக்கேன்."

வாங்கினாள். ஒரு நிமிஷத்தில் உதடு மரத்தது. அடுத்த நிமிஷம் தொண்டை அடைத்தது, விரல்கள் அதே மாதிரி, அச்சு அசலாக அதே மாதிரி, உள்ளே மடங்கின. டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப மெதுவா விடுங்க. வாங்கறதவிட விடறது நீளமா இருக்கணும். ஆறு எண்ணுங்க." ஐந்தாறு நிமிஷத்தில் விரல் ஒவ்வொன்றாக விட்டது.

"இந்த ரூம்ல தின்னர் இருக்கா?"

"இல்ல மேடம்."

"ஆனா விரல் மடங்கிச்சு. பயத்துல மூச்சு வேகமாச்சுன்னா உடம்பு இப்படித்தான் பண்ணும். நடிச்சா இந்த மாதிரி மடக்க வராது. நீங்க பொய் சொல்லல."

பிரிசில்லாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டாள். "அப்போ மத்தவங்கள வுழ வெச்சது நான்தானா?"

டாக்டர் பூசி மெழுகவில்லை. "உங்க பயம் அவங்களுக்குப் பரவியிருக்கு. அது நிஜம். பேக்கிங்ல விழுந்தவங்களுக்கு வேற காரணம் இருக்கிற மாதிரி தெரியல. ஆனா நீங்க ஏன் பயந்தீங்க? அன்னிக்குக் காலையில அங்க எப்படி இருந்துச்சு?"

அவள் ஃபேனைச் சொன்னாள். மூன்று நாள் கண் கரித்ததைச் சொன்னாள். தலைவலியோடு வீட்டுக்குப் போனதைச் சொன்னாள்.

"அப்ப முதல்ல வந்த வாசனை நிஜம். அதுக்கப்புறம் நடந்தது பயம். ரெண்டுல ஒண்ணைத்தான் சொல்லணும்னு யார் சொன்னா? அந்த ஃபேன் ஓடியிருந்தா நீங்க கத்தியிருப்பீங்களா?"

வெள்ளிக்கிழமை காலை ஐந்து வாரம் கழித்துக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். ஏறியதும் முன் சீட்டுக்காரர்கள் இடம் விட்டார்கள். பின் சீட்டுக்காரர்கள் சன்னல் பக்கம் திரும்பினார்கள். அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு செங்கல்பட்டு வரை நின்றே போனாள்.

அதிகாரி பக்தவத்சலம் சாதுவான மனுஷர், பேனாவைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் ஒரு தாளை நகர்த்தினார். வாசனை எதுவும் இல்லை, என் மனபயத்தினாலேயே மயங்கினேன் என்று டைப் அடித்து அவள் பெயர் போட்டுத் தயாராக இருந்தது. இந்தப் பக்கம் செங்கம்மாள் தன் மனுவை நகர்த்தினாள். இரண்டு தாளும் ஆபீஸ் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலும் பாதிதான் உண்மை, இரண்டுக்கும் முழுக் கையெழுத்து வேண்டும்.

"முதல்ல இடத்தைக் காட்டும்மா," என்றார் அதிகாரி.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் மேஜையில் இருந்த அத்தனை கையும் நின்றது. துணியைப் பிடித்தபடியே எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு விரல்களைப் பார்த்தார்கள். சுவரில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பிரிசில்லாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. உதடு மரத்தது. சுண்டு விரல் மெல்ல உள்ளே இழுத்தது, அடுத்து மோதிர விரல். அவள் விழுந்தால் இவர்கள் விழுவார்கள். அது அவளுக்கு அப்போது பளிச்சென்று தெரிந்தது. பெயர் பெயராக, யார் முதலில் விழுவாள் என்பதுகூடத் தெரிந்தது. மூலையில் ஒருத்தி ஏற்கெனவே நெஞ்சில் கை வைத்துவிட்டாள்.

மறைத்து வைக்கலாம், முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொள்ளலாம். பிரிசில்லா இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரியும்படி மேலே தூக்கினாள்.

"பாருங்க, எனுக்கு வெரலு இழுக்குது. ஆனா வாசன இல்ல. ஃபேன் ஓடுது, வாசன இல்ல. இது என் பயம். எனுக்கு வூட்ல பாகு டிரம்மு பாத்தும் இப்டிதான் வந்துச்சி. யாரும் வுழாதீங்க. மூச்ச மெதுவா வுடுங்க."

 மூலையில் இருந்தவள், "எனுக்கும் படபடன்னு கீது," என்றாள். "எனுக்கும்," என்றாள் இன்னொருத்தி. சொன்னார்களே தவிர ஒருத்தியும் விழவில்லை. மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா சார், அவங்களே ஒத்துக்கிட்டாங்க," என்றார்.

"நான் இன்னும் முடிக்கல சார்," என்றாள் பிரிசில்லா. தூக்கிய கையை இறக்கவில்லை. "அன்னிக்கு வாசன இருந்துச்சி. மூணு நாளு ஃபேன் ஓடல. கண்ணு எரிஞ்சிச்சி, தல வலிச்சிச்சி. அதுல பயந்துதான் கத்துனேன். கத்துனத பாத்துதான் மத்தவங்க வுழுந்தாங்க. ரெண்டையும் எழுதுங்க. ஒண்ண மட்டும் எழுதுனா நான் போட மாட்டேன்."

"மூணு நாள்னு என்ன ஆதாரம்?" என்றார் மேனேஜர்.

சூப்பர்வைசர் பாலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன், தரையைப் பார்த்தபடியே சொன்னான்: "மூணு நாளுதான் சார். மோட்டார் கேட்டு நான்தான் எழுதிக் குடுத்தேன்."

அதிகாரி அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெள்ளைத் தாளில் தன் கையால் எழுத ஆரம்பித்தார். செங்கம்மாள் மாவுக்கட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் மனு ஆபீஸ் மேஜையிலேயே கிடந்தது.

"அப்போ என் கைய ஒடச்சது உன் பயமாம்மே?"

அந்தக் கேள்விக்குத்தான் பிரிசில்லா ஐந்து வாரமாக வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். "பாதி நான்க்கா," என்றாள். "மீதி ஃபேனு."

செங்கம்மாள் ஃபேனை அண்ணாந்து பார்த்தாள். அதிகாரி எழுதியதை ஒரு தடவை உரக்கப் படித்தார். இரண்டும் இருந்தன. தாளை நீட்டினார். பிரிசில்லா பேனாவை வாங்கினாள், அது நழுவிக் கீழே விழுந்தது. பத்து விரலும் இறுகிக் கிடந்தன. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மை டப்பாவைத் திறந்து நீட்டி, "கைநாட்டு வெச்சாலும் போதும்மா," என்றார்.

"வேணாம் சார். படிச்சவதான். கையெழுத்துதான் போடுவேன். வெரலு வுடட்டும், இருங்க."

எல்லோரும் காத்திருந்தார்கள். அதிகாரி காத்திருந்தார், மேனேஜர் காத்திருந்தார், மேஜையில் ஒரு மூடிகூட நகரவில்லை. பிரிசில்லா கண்ணை மூடிக்கொண்டு ஆறு எண்ணினாள், மறுபடி ஆறு எண்ணினாள். விரல் விடவில்லை. அப்போது ஒரு சூடான கை அவள் கையைப் பற்றியது. செங்கம்மாள் தன் இடது கையால் அவள் சுண்டு விரலைப் பிடித்து, அழுத்தி, மெல்ல நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மோதிர விரல். நீவிவிடுகிற கையில் இரக்கம் அவ்வளவாக இல்லை, நன்றாகவே வலித்தது.

"உன்ன நான் இன்னும் மன்னிக்கல," என்றாள் செங்கம்மாள், அடுத்த விரலைப் பிடித்துக்கொண்டே. "மூச்ச வுடு. மொதல்ல கையெழுத்த போடு."